சாட்டைச் சத்தத்தில் போன இரண்டு விநாடி

மரக்காணம் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஜான்சிக்கு நாற்பத்தொரு வயது. பதினைந்து வருடமாக ஊரார் கொண்டுவந்து போடுகிற பெட்டிகளைத் திறந்து மூடியதில் மனிதர்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. அது நல்ல அபிப்பிராயம் என்று சொல்ல முடியாது. டீயைக் கவிழ்த்தவரும் தானாக நின்றுபோச்சு என்பார். பல்லி செத்துக் கிடக்கும் பெட்டியைத் தூக்கி வந்தவரும் நேற்றுவரை நன்றாக ஓடியது என்பார். ஜான்சி மறுத்துப் பேசமாட்டாள். பல்லியை இடுக்கியால் எடுத்து ஒரு தாளில் வைத்து அவர்கள் முன்னால் நகர்த்திவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

இந்த ஊரில் காற்றிலேயே உப்பு. கோடையில் உப்பளத்துப் பக்கமிருந்து அடிக்கிற காற்று ஆணியைத் தின்னும், கம்பியைத் தின்னும், கம்ப்யூட்டருக்குள் புகுந்து செம்பையெல்லாம் பச்சையாக்கிவிட்டுப் போகும். ஜான்சியின் அப்பா அந்த உப்பளத்தில் உப்பு வாரிக் கூலி வாங்கியவர். அப்பாவின் காலைத் தின்ற உப்புதான் இப்போது மதர்போர்டைத் தின்கிறது என்பாள் அவள். கணவன் அந்தோணிராஜ் ஏசி மெக்கானிக். அவனுக்கும் உப்புக் காற்றுதான் முதலாளி. ஊரைத் தின்கிற உப்பை நம்பிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லுவாள்.

போன ஏப்ரலில் ஒருநாள் காலை அந்தக் கடைக்கு ஆண்ட்ரூஸ் வந்தார். உப்பு வியாபாரி. இரண்டு லாரி, ஒரு குடோன், சட்டைக்கு வெளியே தொங்குகிற தங்கச் சிலுவை. ஊர்க் கத்தோலிக்கக் கோயில் நடத்துகிற பங்குப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. இவரோடு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மே மாதம் இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவு விழா. விழாவில் பேச்சு, பிரியாணி எல்லாம் உண்டு. அதோடு, அந்தக் காலத்தில் எல்லோரும் பைத்தியமாக விளையாடிய பேய்க்கோட்டையையும் பெரிய திரையில் ஓடவிட வேண்டும் என்றார் அவர்.

பேய்க்கோட்டை என்பது ஊர் வைத்த பெயர். அதன் ஆங்கிலப் பெயர் அன்றைக்கு ஒருவர் வாயிலும் நுழையவில்லை. துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையின் அடியில் தெரியும். நாம்தான் அந்தக் கைக்குச் சொந்தக்காரர். கோட்டைக்குள் புகுந்து, சாவி தேடி, கதவு திறந்து, எதிரே வருகிற பேய்களையெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். 2003-இல் மரக்காணத்தில் மோகன் என்பவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் ஆறு கேபின் இருந்தது, ஆறிலும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

"என் ரெக்கார்டு தெரியும்ல உனக்கு? மூணு நிமிஷம் நாப்பத்தோரு விநாடி. இன்னிக்கு வரைக்கும் எவனும் தொடல," என்றார் ஆண்ட்ரூஸ்.

ஜான்சிக்குத் தெரியாதா. அந்தச் சென்டரில் டோக்கன் போட்டுக் கொடுத்து, நேரம் முடிந்தவர்களை எழுப்பிவிடுகிற வேலையில் இருந்தவள் அவள். அப்போது பத்தொன்பது வயது. அந்த மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடியும் அவளுடையது.

நடந்தது இவ்வளவுதான். வேலைக்கு இருக்கிற பெண் கேம் விளையாடக் கூடாது என்பது மோகன் போட்ட சட்டம். மதியம் ஒன்றரைக்கு அவர் சாப்பிட வீட்டுக்குப் போவார், தூங்கி எழுந்து நாலு மணிக்கு வருவார். அந்த இடைவெளியில் ஜான்சி ஆறாம் கேபினில் உட்காருவாள். வாடிக்கையாளர் பெயரில் நுழைந்தால்தான் மெஷின் திறக்கும். ஆண்ட்ரூஸ் மாதச் சந்தா கட்டியவர், அவர் பெயரில் எத்தனை நேரம் ஓடினாலும் கணக்கில் உதைக்காது. அவருடைய பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். ஆகவே அவள் சுட்ட பேயெல்லாம் ஆண்ட்ரூஸ் பெயரில் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை காலை மோகன் ஆறாம் கேபின் பட்டியலைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். ஊரில் நல்ல ஆட்டக்காரனுக்கே ஐந்து நிமிடம் பிடிக்கிற கோட்டை. வாசல் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்: ஆண்ட்ரூஸ், 3 நிமிடம் 41 விநாடி. சாயங்காலம் ஆண்ட்ரூஸ் வந்தார். பலகையைப் பார்த்தார். ஒரே ஒரு விநாடி கண்ணைக் கொட்டினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, ஆமாம் அண்ணே, சும்மா ஒரு கை பார்த்தேன் என்றார். ஜான்சி டோக்கன் கட்டோடு மூன்றடி தள்ளி நின்றாள். வாயைத் திறந்தால் வேலை போகும். வீட்டில் அம்மா தோலை உரிப்பாள். உரிக்க வேறொரு பெரிய காரணமும் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். அவள் விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கியது செரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக, கல்யாண வீட்டில், கட்சிக் கூட்டத்தில், லாரிக்கு டீசல் போடுகிற இடத்தில் என்று ஆண்ட்ரூஸ் அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. சொல்லச் சொல்ல அதற்குக் கையும் காலும் முளைத்தது. ஒற்றைக் கையால் விளையாடினாராம். பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ஜான்சிக்கு எரிச்சலூட்டியது புளுகுகூட இல்லை. கண்ணைக் கொட்டிய அந்த ஒரு விநாடி. பொய் என்று தெரிந்தே எடுத்துக்கொண்டார் என்பதற்கு அது சாட்சி, அந்தச் சாட்சியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது அதே ஆள் அவள் கடையில் நின்று, தன் ரெக்கார்டை ஊருக்குக் காட்ட ஏற்பாடு செய் என்கிறார். இருக்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேலையென்று வந்தால் வேலை.

விளையாட்டு என்னிடமே பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, ஆண்ட்ரூஸ் லாரி கிளீனரை விட்டு ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். உள்ளே 2004-இல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். பதினாறு வருடமாக அதை உப்புக் குடோனில், மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தாராம். ஏன் அங்கே என்று கேட்டதற்கு அவர் கொடுத்த விளக்கத்தை ஜான்சி இன்றைக்கும் யாராவது மனச்சோர்வாக வந்தால் சொல்லிக்காட்டுகிறாள்.

"உப்புல வச்சா எதுவும் கெடாதும்மா. கருவாடு கெடுதா?"

அவள் மூடியைக் கழற்றினாள். கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, திருகாணி தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே கருவாடுகூட மிஞ்சவில்லை. பச்சையும் காவியுமாகப் பொடி, நடுவே ஹார்டு டிஸ்க் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட துருக்கட்டி. தலைமுறை தலைமுறையாக உப்பு விற்கிற குடும்பம், உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது தெரியவில்லை. தராசுத் தட்டை வருடாவருடம் மாற்றுகிறீர்களே, அது ஏன் என்று நினைத்தீர்கள் என்று கேட்டாள். தட்டுக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்தாராம்.

அடுத்த வாரம் சங்கத்தின் செயலாளர் கன்னியப்பன் மடிக்கணினியோடு வந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஆண்ட்ரூஸ் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். பேய்க்கோட்டையின் மென்பொருளை அதைச் செய்த கம்பெனியே எப்போதோ ஊருக்குத் திறந்துவிட்டது, ஆர்வக்காரர்கள் அதை எடுத்து இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி திருத்தி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, இறக்கியும் விட்டார். பதினோரு தடவை இறக்கியிருந்தார். பதினோரு தடவையும் திரையில் ஒரே வரிதான் வந்தது: விளையாட்டுத் தரவுக் கோப்பு இல்லை.

நெட் சரியில்லை என்றார் கன்னியப்பன். அது மாத்திரம் இல்லை, ஓசியில் கிடைக்கிற சாமானே இப்படித்தான் என்றும் அலுத்துக்கொண்டார். ஜான்சி பொறுமையாகச் சொன்னாள். பொறுமை அவளுக்குச் சுபாவத்தில் கிடையாது, அன்றைக்குக் கொஞ்சம் கைவசம் இருந்தது. இலவசமாகக் கிடைப்பது எஞ்சின் மட்டும். சுவர், கதவு, பேய், பேயின் உறுமல் எல்லாம் தனிக் கோப்பில் இருக்கிறது. அது இன்னும் கம்பெனியின் சொத்து. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியில் மட்டும் இருக்கும். கன்னியப்பன் விழித்தார்.

"பாத்தி வெட்டியாச்சு, கரை போட்டாச்சு, மோட்டாரும் வச்சாச்சு. உப்புத்தண்ணி இல்லாம உப்பு எங்கேருந்து விளையும்?" என்றாள். அது புரிந்தது. அப்படியானால் தண்ணிக்கு எங்கே போவது என்று அவர் கவலைப்பட்டார்.

தண்ணி ஜான்சியிடம் இருந்தது. 2009-இல் மோகன் சென்டரை மூடியபோது ஒரு பெட்டி நிறைய சிடியைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துப் போ என்றார். நூற்றுச் சொச்சம் சிடியில் ஒன்றே ஒன்றுதான் அசல். மற்றதெல்லாம் தெருவில் விற்ற நகல். அந்த ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். ஆறாம் கேபினில் இருந்த ஒரு சின்னக் கோப்பையும் அதற்கு முன்பே நகலெடுத்து வைத்திருந்தாள். உப்புக் காற்று சிடியின் பளபளப்பை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டு வருடத்துக்கொரு தடவை எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றினாள். அம்மா செத்தபோதுகூட அந்த மாதம் மாற்ற வேண்டிய முறை தப்பவில்லை.

அந்தச் சின்னக் கோப்பு என்ன என்றால், ஆட்டத்தின் பதிவு. வீடியோ கிடையாது. எந்த விநாடியில் கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினோம் என்கிற குறிப்பு மட்டும். அதைத் திரும்ப விளையாட்டுக்குள் கொடுத்தால், அழுத்தியது அழுத்தியபடியே மறுபடி நடக்கும். பதிவு செய்ய முடியும் என்பதே அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, சிடியோடு வந்த குறிப்பைப் படித்தவள் அவள் ஒருத்தி.

மே மாதம் முதல் வாரம் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு அவள் நிறுவ உட்கார்ந்தாள். இலவச எஞ்சினை ஏற்றினாள், தரவுக் கோப்பை அதன் ஃபோல்டருக்குள் வைத்தாள். கோட்டை வாசல் எழுந்து நின்றது. பழைய ஆண்டுகளின் கட்டங்கட்டமான சுவர் இப்போது வழவழவென்று இருந்தது. அதை அவள் ரசிக்கவில்லை, பழையபடியே கட்டங்கட்டமாக மாற்றினாள். பிறகு பதிவைக் கொடுத்தாள். திரையில் அந்தக் கை கிளம்பி நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. வெறும் மூலையைச் சுட்டது. கண் தெரியாதவன்போல் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு சோதாப் பேயிடம் அடி வாங்கிச் செத்தது.

அரைநாள் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு புரிந்தது. புதிய எஞ்சினில் பழைய விளையாட்டின் பிழைகளையெல்லாம் திருத்தியிருந்தார்கள். ஒவ்வோர் அடியும் மயிரிழை மாறினால், பழைய குறிப்பு புதிய கோட்டையில் வழிதவறும். அமைப்புகளுக்குள் போய், பழைய பதிப்பின்படியே, பிழையோடு நட என்கிற ஒரு தேர்வைத் தேடிப் பிடித்து வைத்தாள். மறுபடி கொடுத்தாள். கை கிளம்பியது. முதல் கதவு, சாவி, படிக்கட்டு, எதிரே மூன்று பேய், மூன்றும் அவுட். பத்தொன்பது வயது ஜான்சி கோட்டைக்குள் ஓடுவதை நாற்பத்தொரு வயது ஜான்சி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். என்ன கை அது. அவளுக்குப் பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் அந்தக் கை காரணமே இல்லாமல் நின்றது. ஒன்று, இரண்டு. மறுபடி ஓடியது.

அந்த இரண்டு விநாடி ஏன் நின்றது என்று அவளுக்கு நினைவு வந்தது. கோப்பின் தேதியைப் பார்த்தாள். 2003 ஏப்ரல் 18, பிற்பகல் 3.04.

அது புனித வெள்ளி. பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட மூன்று மணிக்கு ஊர்க் கத்தோலிக்கர் அத்தனை பேரும் சிலுவைப்பாதை ஊர்வலத்தில் நடந்துகொண்டிருக்க, சென்டர் காலியாகக் கிடந்தது. மோகன் இந்து, கடையை மூடவில்லை. வேலை முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஜான்சி ஆறாம் கேபினில் பேய் சுட்டுக்கொண்டிருந்தாள். இது வெளியே தெரிந்திருந்தால் அம்மா மட்டுமா தோலை உரித்திருப்பாள். இப்போதும் பங்கின் ஞானஸ்நானச் சான்றிதழ், திருவிழா நோட்டீஸ், ஞாயிறு வாசகத்தாள் எல்லாம் ஜான்சியின் கடையில்தான் அச்சாகிறது. பாதிச் சோறு அதில்தான்.

ஆகவே மறுபடி விழுங்குவது என்று முடிவு செய்தாள். ஆண்ட்ரூஸ் கேட்டது விளையாட்டு, விளையாட்டை மட்டும் கொடுப்போம். பதிவு பென் டிரைவில் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும்.

விழா பள்ளி மண்டபத்தில், பகல் பதினொரு மணிக்கு. எண்பது பேர். குடும்பத்தோடு வந்து, மின்விசிறிக்கு அடியிலிருந்த நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். ஜான்சி அதே பள்ளியில் இரண்டு வருடம் பிந்திப் படித்தவள், அழைப்பிதழ் கிடையாது. புரொஜெக்டர் மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடைத்தது. மேடையில் பெரிய பேனர், அதையும் அவள்தான் வடிவமைத்தாள். நடுவில் ஆண்ட்ரூஸின் வாலிபப் படம்: ரோமைப் போர்வீரன் வேடம், தகரத் தொப்பி, கையில் சாட்டை. கீழே 'சிலுவைப்பாதை, புனித வெள்ளி 2003' என்று போடச் சொன்னதும் அவரே. அவர் வாழ்க்கையில் இரண்டு பெருமை. ஒன்று அந்தப் போர்வீரன், மற்றது பேய்க்கோட்டை. இரண்டும் ஒரே நாளில் ஒரே மணியில் வந்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

மற்ற பேச்சுகள் முடிந்து, கன்னியப்பன் மைக்கைப் பிடித்து, மரக்காணத்தின் முதல் சாம்பியன் இப்போது உங்கள் முன்னால் என்று முழங்கினார். ஆண்ட்ரூஸ் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு, விரல்களைச் சொடக்கு எடுத்து, உட்கார்ந்தார். கோட்டை திறந்தது. பத்தடி நடந்தால் முதல் கதவு. கதவின் முன்னால் போய் நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். எண்டரைத் தட்டினார். மவுஸைக் குலுக்கினார். கதவைச் சுட்டார். மொத்தக் குண்டையும் கதவிலேயே தீர்த்துவிட்டு, வெறுங்கையால் குத்தினார். கன்னியப்பன் வர்ணனையை நிறுத்திவிட்டார். ஸ்பேஸ் பார் என்கிற இடைவெளிக் கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் திறக்கிற கதவு, அந்த ஊரில் பேய்க்கோட்டை ஆடிய எவனும் முதல் நாளே கற்றுக்கொள்கிற வித்தை. ஜான்சி ஒன்றரை அடி தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த ஆள் அந்த விளையாட்டை உருப்படியாக ஒருநாளும் ஆடியதே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மாதச் சந்தா கட்டி அந்தக் கேபினில் இவர் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவள் யோசிக்க விரும்பவில்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆண்ட்ரூஸ் எழுந்து மைக்கை வாங்கினார்.

"இது ஒரிஜினல் இல்லீங்க. ஓசியில இறக்குன டூப்ளிகேட்டு. ஒரிஜினல்ல கதவு தானா திறக்கும். ஜான்சிய குத்தம் சொல்ல முடியாது, பாவம், அந்தக் காலத்துல டோக்கன் போட்டுக்கிட்டு இருந்த பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்."

எண்பது பேரும் திரும்பி அவளை இரக்கமாகப் பார்த்தார்கள். ஜான்சிக்குக் காது சுட்டது. அவர் ரெக்கார்டை எடுத்துக்கொண்டதை விழுங்கியிருந்தாள். இந்த இரக்கத்தை விழுங்க அவளால் முடியவில்லை. எழுந்து, உங்கள் பழைய ஆட்டமே பதிவாகி என்னிடம் இருக்கிறது அண்ணே, போடட்டுமா என்று கேட்டாள். ஆண்ட்ரூஸ் கண்ணைக் கொட்டினார். அதே ஒரு விநாடி. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, போடு, போடு என்றார்.

போட்டாள். கை கிளம்பியது. முதல் கதவு பட்டென்று திறந்தது. மண்டபம் வாயைப் பிளந்து பார்த்தது. இரண்டாவது திருப்பத்தில் இரண்டு விநாடி நின்று, மறுபடி பறந்து, கடைசிப் பேயைத் தள்ளிவிட்டு வெளியே வந்தது. திரையில் பெயர் விழுந்தது: ஆண்ட்ரூஸ், 3:41. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கன்னியப்பன் பொன்னாடையைப் போர்த்தினார். ஆண்ட்ரூஸ் நாலு பக்கமும் கும்பிட்டார்.

ஜான்சி விளையாட்டைத் திரையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அந்தக் கோப்பின் விவரத்தைத் திரையில் திறந்து வைத்தாள். முன்வரிசையில் இருந்த பங்கு ஃபாதர் ஊருக்குப் புதியவர், தேதியென்றால் உயிரை விடுகிறவர், எந்த வருடம் ஈஸ்டர் எந்த நாள் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ரெண்டாயிரத்து மூணு ஏப்ரல் பதினெட்டு புனித வெள்ளியாச்சே. மூணு மணிக்கா?" என்றார்.

மண்டபம் திரையைப் பார்த்தது. பிறகு பேனரைப் பார்த்தது. தகரத் தொப்பியும் சாட்டையுமாக ஆண்ட்ரூஸ் அங்கே நின்றார், கீழே புனித வெள்ளி 2003. பொன்னாடையோடு நின்ற ஆண்ட்ரூஸின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பெருமையில் ஒன்றை விட்டால்தான் மற்றது மிஞ்சும். வியாபாரி அல்லவா, எது எடை கூட என்று சீக்கிரம் பார்த்துவிட்டார். நான் அன்றைக்குச் சிலுவைப்பாதையில் இருந்தேன், ஊருக்கே தெரியும், எவனோ என் பெயரில் புகுந்து விளையாடியிருக்கிறான் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். குரலை உயர்த்தி, நெஞ்சில் கை வைத்து, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தில் பேய் சுட்டுக்கொண்டிருந்த பாவி யார் என்று நம் பங்குக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். ஆமாம் ஆமாம் என்று எண்பது பேரும் முணுமுணுத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அதே ஆட்டத்துக்குக் கைதட்டிய எண்பது பேர்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் அந்த ஆட்டம் யாருடையதும் இல்லாமல் போய்விடும். ஞானஸ்நானச் சான்றிதழும் வாசகத்தாளும் அவள் கண்முன்னால் வந்துபோயின. ஜான்சி நடந்துபோய் ஆண்ட்ரூஸ் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அந்தப் பாவி நான்தான் ஃபாதர். டோக்கன் போட்ட பொண்ணு. ரெண்டாவது திருப்பத்துல ரெண்டு விநாடி நின்னுச்சே, பாத்தீங்களா? அப்பதான் சிலுவைப்பாதை சென்டர் ஜன்னலாண்ட போச்சு. ஆண்ட்ரூஸ் அண்ணன் சாட்டைய ரோட்டுல சுளீர்னு அடிச்சாரு. நான் திரும்பிப் பாத்தேன். அவரும் அந்தத் தொப்பியோட என்னைப் பாத்தாரு. அந்தச் சாட்டை இல்லன்னா மூணு முப்பத்தொம்போது."

ஒருவரும் கைதட்டவில்லை. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வா என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். பொன்னாடை ஆண்ட்ரூஸ் தோளிலேயே கிடந்தது, எடுக்கலாமா வேண்டாமா என்று கன்னியப்பனுக்குத் தெரியவில்லை. ஜான்சி தரவுக் கோப்பும் பதிவும் இருந்த பென் டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். பெரிய திரையில் அந்தப் பழைய வரி வந்து நின்றது: விளையாட்டுத் தரவுக் கோப்பு இல்லை. பிரியாணிக்கு நிற்காமல் வெளியே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது, அவளுக்கு நடக்க லேசாக இருந்தது.

அதன் பலனை அனுபவிக்காமல் இல்லை. பங்கின் அச்சு வேலையெல்லாம் பாண்டிச்சேரிக்குப் போயிற்று. திருப்பலியில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் காலியாகவே இருந்தது. ஆகஸ்டில் மாதா திருவிழா நோட்டீஸில் மாதாவின் பிறந்தநாளையே பாண்டிச்சேரி அச்சகத்தார் தப்பாக அச்சடித்து அனுப்பினார்கள். அடுத்த வாரம், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வாசகத்தாளைத் தூக்கிக்கொண்டு ஜான்சி கடைக்கே திரும்பி வந்தார். எண்பது பேரின் பக்தி மூன்று மாதம் தாங்கியது. கடைச் சுவரில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது. ஜான்சி, 3 நிமிடம் 41 விநாடி, 18.4.2003.

ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கி வியாபாரம் நின்றிருந்தபோது, ஆண்ட்ரூஸ் ஆதார் அட்டை நகலெடுக்க வந்தார். பலகையைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைக் கொட்டவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இரண்டு நகலையும் வாங்கி மடித்துப் பையில் வைத்தார். போகாமல் நின்றார். மழையைப் பார்ப்பதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அந்த முதல் கதவை எந்தக் கட்டையம்மா திறக்கும் என்று கேட்டார்.

ஜான்சி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா உங்க பேர்ல திறந்துக்கிட்டு இருந்த கதவுண்ணே அது. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போனார்.